ஒரு வெள்ளைப் புள்ளி கோடான கதை

ஐந்தாம் மாத ஸ்கேன் அன்று டாக்டர் திரையில் ஓரிடத்தில் கர்சரை நிறுத்தி, “இது முதுகுத்தண்டு. முழுசா மூடியிருக்கு பாருங்க” என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்டவாளம் மாதிரி இரண்டு வெள்ளை வரிசைகள்தான். “மூடியிருக்குன்னா?” என்று கேட்டேன். “சில குழந்தைங்களுக்கு மூடாமப் போயிடும். இதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்று சொல்லிவிட்டு சிறுநீரகத்துக்கு நகர்ந்துவிட்டார். வெளியே இன்னும் பதினைந்து பேர் தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தார்கள். அவரைக் குறைசொல்ல முடியாது.

மூடாமப் போயிடும். அந்த வார்த்தை என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. எது மூடுகிறது? யார் மூடுகிறார்கள்? எப்போது? நான் பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவன். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், பிறகு இன்ஜினியரிங், பிறகு வேலை. அதனால் மூடுவது என்ற ஒரு சின்னக் கேள்விக்கு ஒரு சின்னப் பதில் இருக்கும் என்று நம்பித்தான் இரவுகளில் படிக்க ஆரம்பித்தேன். அது என்னை நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜெர்மன் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே எல்லோரும் பார்த்த, ஆனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அடிப்படைக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டை உருண்டை. உடம்பு உருண்டை இல்லை. அதற்குத் தலை என்று ஒரு முனை, வால் என்று ஒரு முனை. தலையிலிருந்து வால்வரை ஓடும் அந்த நீளக் கோட்டைத்தான் உடல் அச்சு என்கிறார்கள். உருண்டைக்குள் அச்சு எங்கிருந்து வருகிறது?

‘வளர்ந்து வருகிறது’ என்பதுதான் சட்டென்று தோன்றும் பதில். செடி அப்படித்தான் செய்கிறது, நுனியில் வளர்ந்து நீள்கிறது. ஆனால் தவளையின் கருவைப் பாருங்கள். அது எதையும் சாப்பிடுவதில்லை. முதல் சில மணி நேரங்களில் ஒரு செல் இரண்டாகி, நான்காகி, ஆயிரக்கணக்கில் ஆகும். மொத்த அளவு மட்டும் மாறுவதில்லை. ஒரே கேக்கை மேலும் மேலும் சிறிய துண்டுகளாக வெட்டுவது மாதிரி. கடுகளவு உருண்டை கடுகளவு உருண்டையாகவே இருக்கும். பிறகு அதன் ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு பிளவு தோன்றும். வெளியே இருக்கும் செல்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பிளவின் உதட்டைத் தாண்டி உள்ளே போக ஆரம்பிக்கும். இதற்குக் கேஸ்ட்ருலேஷன் என்று பெயர். முடியும்போது மூன்று அடுக்குகள் இருக்கும். வெளியடுக்கு தோலும் நரம்பும் ஆகும், உள்ளடுக்கு குடலாகும், நடு அடுக்கு தசையும் எலும்பும் ஆகும். இதெல்லாம் நடக்கும்போதே உருண்டை நீள ஆரம்பித்துவிடும். புதிதாகச் சரக்கு எதுவும் உள்ளே வரவில்லை. இருந்ததே இடம் மாறியிருக்கிறது.

இடம் மாறுவது முக்கியம் என்று நினைத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். வில்ஹெல்ம் ஹிஸ் என்ற சுவிஸ் உடற்கூறியலாளர் 1874இல் எழுதிய புத்தகத்தில், கருவின் வடிவத்தை மடிப்பு, இழுப்பு, அழுத்தம் என்று இயந்திரவியலாக விளக்கப் பார்த்தார். ரப்பர் குழாயை வளைத்துக் காட்டி, மூளையின் வளைவுகள் இப்படி வந்திருக்கலாமே என்றார். அப்போது ஜெர்மனியில் உயிரியல் என்றால் எர்ன்ஸ்ட் ஹேக்கல். கரு தன் முன்னோர்களின் பரிணாம வரலாற்றைத் திரும்ப நடித்துக் காட்டுகிறது, வடிவத்துக்கு அதுவே காரணம் என்பது அவர் கட்சி. அவர் ஹிஸ்ஸின் ரப்பர் குழாயை அச்சிலேயே கிண்டலடித்தார். ஹிஸ் சொன்ன விவரங்கள் பலவும் தவறு, அது வேறு விஷயம். கருவை ஒரு பொருளாக, தள்ளினால் நகரும், இழுத்தால் நீளும் பொருளாகப் பார்க்கலாம் என்ற எண்ணமே கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகிவிட்டது. அந்தக் கௌரவக் குறைச்சல் ரொம்ப நாள் நீடித்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

*

1920இல் ஹில்ட ப்ரோஷோல்ட் என்ற பெண், ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்பெமானிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். ஸ்பெமான் அப்போதே பெரிய கை. தன் கைக்குழந்தையின் தலைமுடியைச் சுருக்கு மாதிரி கட்டி, நியூட்டின் முட்டையை இரண்டாக இறுக்கிப் பார்த்தவர். (நியூட் என்பது சாலமாண்டர் வகையறா. பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குச் சொந்தம்.) ஹில்டவுக்கு முதலில் அவர் கொடுத்தது, ஹைட்ரா என்ற நீர் உயிரியை உள்வெளியாகத் திருப்பிப் போடும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சோதனை. அது வரவில்லை. வருத்தத்தோடு நின்றவருக்கு 1921 வசந்தத்தில் வேறொரு வேலை கிடைத்தது.

வேலை இதுதான். ஒரு நியூட் கருவில் அந்தப் பிளவின் மேலுதட்டை, அதாவது முதுகாகப் போகிற பக்கத்து உதட்டை, வெட்டி எடு. இன்னொரு கருவின் வயிறாகப் போகிற பக்கத்தில் வை. என்ன ஆகிறது என்று பார். இதில் ஒரு நுட்பம், இரண்டு வெவ்வேறு இனங்களைப் பயன்படுத்தியது. கொடுக்கும் கரு நிறமில்லாத இனம், வெள்ளை. வாங்கும் கரு நிறமுள்ள இனம். அதனால் பின்னால் எந்தச் செல் யாருடையது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். இன்றைக்கு ஒளிரும் புரதங்களை வைத்துச் செய்வதை அவர்கள் இயற்கையான தோல் நிறத்தை வைத்துச் செய்தார்கள்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. கடுகளவு உருண்டையில், கண்ணாடியை இழுத்துச் செய்த ஊசியாலும் முடிச் சுருக்காலும் செய்யும் அறுவைச் சிகிச்சை இது. நியூட்கள் முட்டையிடுவது வசந்தத்தில் மட்டும்தான், எனவே வருஷத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கும். ஆன்டிபயாட்டிக் கிடையாது. தொட்ட கருக்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். 1924இல் வெளியான கட்டுரையில் விவரிக்கப்படும் வெற்றிபெற்ற கருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ‘உம் 132’ என்று எண்ணிடப்பட்ட கரு பாடப்புத்தகங்களில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. வயிற்றுப்பக்கத்தில் ஒட்டிய இரட்டைப் பிறவி போல அதற்கு இரண்டாவது உடல் அச்சு முளைத்திருந்தது.

விஷயம் அதுகூட இல்லை. அந்த இரண்டாவது உடலின் நரம்பு மண்டலம் பெரும்பாலும் நிறமுள்ள செல்களால் ஆனது. அதாவது வாங்கிய கருவின் சொந்தச் செல்கள். வயிற்றுத் தோலாகப் போயிருக்க வேண்டியவை, பக்கத்தில் வந்து ஒட்டிய வெள்ளைத் துண்டின் பேச்சைக் கேட்டு மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகிவிட்டிருந்தன. ஸ்பெமான் அந்த உதட்டுக்கு ‘ஒழுங்கமைப்பாளர்’ என்று பெயர் வைத்தார். ஜெர்மனில் ‘ஆர்கனிசாட்டோர்’. உலகம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

ஹில்ட இதற்குள் ஆய்வகத்திலேயே இருந்த ஓட்டோ மான்கோல்டைத் திருமணம் செய்து ஹில்ட மான்கோல்ட் ஆகியிருந்தார். மற்ற மாணவர்களின் ஆய்வேடு அவர்கள் பெயரில் மட்டும் வெளியானபோது, ஹில்டவின் கட்டுரையில் தன் பெயரையும் சேர்த்து அதை முதலில் போட ஸ்பெமான் வற்புறுத்தினார், ஹில்டவுக்கு அதில் வருத்தம் இருந்தது என்று கூடப்படித்த விக்டர் ஹாம்பர்கர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். 1924 செப்டம்பரில், பெர்லின் வீட்டுச் சமையலறையில் ஹீட்டர் வெடித்த தீயில் ஹில்ட இறந்துபோனார். வயது 25. கைக்குழந்தை ஒன்று இருந்தது. அவர் பெயரையும் தாங்கிய கட்டுரை அதே வருஷம் வெளியானது. ஸ்பெமானுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓட்டோ பிறகு நாஜிக் கட்சிக்காரராகி, 1938இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் ரெக்டரானார்.

இந்தக் கதை இந்த அளவில் பலருக்கும் தெரியும். நானும் இதைப் படித்து, அநியாயம் என்று வருத்தப்பட்டு, முடித்துவிட்டிருப்பேன். ஆனால் அந்தக் கட்டுரையில் ‘உம் 8பி’ என்ற இன்னொரு கரு இருக்கிறது. அதன் வயிற்றுப்பக்கத்தில் இரண்டாவது நரம்புத் தகடு உருவாகியிருக்கிறது. தகட்டின் நட்டநடுவில் நூல் பிடித்தமாதிரி நீளமாக, ஒடுக்கமாக ஒரு வெள்ளைக் கோடு.

அந்தக் கோடு ஹில்ட வைத்த துண்டு. வைக்கும்போது அது கோடாக இல்லை. ஏறத்தாழ வட்டமான சின்னத் துண்டு. யாரும் இழுக்காமல், அது கோடாகியிருக்கிறது.

*

‘ஒழுங்கமைப்பாளர்’ என்ற பெயரில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். மேனேஜர் என்ன உத்தரவு போட்டார்? எந்த ரசாயனத்தில் எழுதி அனுப்பினார்? உலகம் முழுக்க ஆய்வகங்கள் அந்த உத்தரவைத் தேடிக் கிளம்பின. 1932இல் ஒரு அதிர்ச்சி. அந்த உதட்டைக் கொன்ற பிறகு வைத்தாலும் அது பக்கத்துச் செல்களை நரம்பாக்கியது. அப்படியானால் உத்தரவு ஒரு பொருள்தான், பிடித்துவிடலாம் என்று உற்சாகம் கூடியது. பிறகு என்னென்னவோ வேலை செய்தது. 1936இல் கேம்பிரிட்ஜில் வாடிங்டன், நீதம், பிராஷே மூவரும் மெத்திலீன் ப்ளூ என்ற சாயமே போதும் என்று காட்டினார்கள். சாயமே மேனேஜர் வேலை பார்க்கிறது என்றால் மேனேஜருக்கு என்ன மரியாதை? தேடல் அப்படியே சேற்றில் மாட்டிக்கொண்டது. உண்மையான மூலக்கூறுகள், நாகின், கார்டின் என்ற புரதங்கள், 1990களில்தான் கிடைத்தன. அவை உத்தரவு போடுவதில்லை, ‘தோலாகு’ என்று வரும் உத்தரவைத் தடுக்கின்றன என்பது தனி வேடிக்கை.

ஆனால் 1932இன் அதிர்ச்சியில் இன்னொரு பாதி இருந்தது. செத்த உதடு நரம்புத் திசுவை வரவழைத்தது உண்மை. ஒழுங்காக நீண்ட ஒரு உடலை அது தரவில்லை. பெரும்பாலும் கிடைத்தது நரம்புக் கட்டிகள், உருத்தெரியாத முடிச்சுகள். செத்த செல்லால் செய்தி கொடுக்க முடியும். நகர முடியாது. நகராத இடத்தில் அச்சும் சரியாக வரவில்லை.

நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதே ஜெர்மனியில் இருந்தார்கள். மியூனிக்கில் வால்டர் ஃபோக்ட், சாயம் ஊறிய அகர் துணுக்குகளை நியூட் முட்டையின் மேல் அழுத்திவைத்து, செல்லைக் கொல்லாமல் அதன் மேல் புள்ளிகள் குத்தினார். நைல் ப்ளூவில் சில, நியூட்ரல் ரெட்டில் சில. கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரி உருண்டை முழுக்க வைத்துவிட்டு, எந்தப் புள்ளி எங்கே போகிறது என்று பொறுமையாகப் பார்த்தார். 1929இல் அவர் வெளியிட்ட வரைபடம்தான் கருவின் எந்தப் பகுதி எந்த உறுப்பாகும் என்பதற்கான முதல் நம்பகமான வரைபடங்களில் ஒன்று. அவர் படங்களில் எனக்குப் பிடித்தது வேறு. முதுகுப்பக்கத்தில் வட்டமாக வைத்த புள்ளிகள் முடிவில் வட்டமாக இல்லை. நடுக்கோட்டை நோக்கி ஒடுங்கி, தலைவால் திசையில் நீண்டு, கோடுகளாகியிருந்தன. ஹில்டவின் வெள்ளைத் துண்டைப் போலவே. குவிகிறது, நீள்கிறது என்று ஃபோக்ட் எழுதியும் வைத்தார்.

அதே 1929இல் லுட்விக் கிரேப்பர் கோழிக்கருவைச் சாயமிட்டு, மெதுவாகப் படம்பிடித்து வேகமாக ஓட்டிப் பார்த்தார். முட்டைக்குள் தட்டையாகக் கிடக்கும் அந்தக் கருவட்டில் செல்கள் இடமும் வலமுமாக இரண்டு பெரிய சுழல்களாகச் சுற்றி, நடுவில் சந்தித்தன. அவருக்கு ஐரோப்பிய ஜோடி நடனமான பொலொனேஸ் நினைவுக்கு வந்தது. இன்றும் அதற்குப் பொலொனேஸ் அசைவு என்றே பெயர். நம்மூர்க்காரர் யாராவது பார்த்திருந்தால் கும்மி என்று வைத்திருப்பார்.

மூன்றாவது ஆள் யோஹன்னஸ் ஹோல்ட்ஃப்ரெட்டர். ஸ்பெமானின் மாணவர். என் கணக்கில் இந்தக் கதையின் பெரிய மூளை இவர்தான். கருக்கள் செத்துப்போகாமல் இருக்க உப்புக்கரைசல் ஒன்றைச் செம்மைப்படுத்தினார், இன்றும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. 1933இல் அவர் கருவின் உறையை நீக்கி, உப்பு சற்றுக் கூடுதலான கரைசலில் போட்டார். கரு குழம்பிவிட்டது. உள்ளே போகவேண்டிய செல்கள் வெளிப்பக்கமாகப் பிதுங்கின. ஒரு பக்கம் குடலும் தசையும் ஆகிற திசு, இன்னொரு பக்கம் எதுவுமில்லாமல் சுருங்கிக் கிடக்கும் தோல் பை, இரண்டையும் இணைக்க ஒரு சின்னக் காம்பு. நடு அடுக்கோடு தொடர்பே இல்லாததால் தோல் பையில் நரம்பு உருவாகவில்லை. எல்லோரும் கவனித்தது இதைத்தான். செய்தி வரவில்லை, அதனால் நரம்பில்லை.

நான் கவனித்தது காம்பின் மறுபக்கம். அங்கே, தவறான இடத்தில், தவறான திசையில், தள்ளவோ இழுக்கவோ யாருமில்லாமல், முதுகுநாண் ஆகப்போகிற திசு வழக்கம்போல ஒடுங்கி நீண்டிருந்தது. நீள்வது அதன் சொந்தக் குணம்.

ஹோல்ட்ஃப்ரெட்டர் 1939இல் ஜெர்மனியைவிட்டு கேம்பிரிட்ஜுக்குப் போனார். போர் வந்தது. ஜெர்மன்காரர் என்பதால் பிரிட்டன் அவரை எதிரிநாட்டவராகக் கைதுசெய்து கனடாவில் ஒரு முகாமில் அடைத்தது. வெளியே வந்து மாண்ட்ரியாலில் உட்கார்ந்து 1943, 44இல் கேஸ்ட்ருலேஷனின் இயக்கவியல் பற்றி இரண்டு நீண்ட கட்டுரைகள் எழுதினார். ஃபோக்ட் 1941இலேயே இறந்துவிட்டிருந்தார். ரசாயனத்தைத் தேடியவர்கள் களைத்துப்போயிருந்தார்கள். பிறகு டிஎன்ஏவின் காலம் வந்துவிட்டது. செல்கள் எப்படி நகர்கின்றன என்ற கேள்வி அலமாரியில் ஏறிவிட்டது.

*

அதை மறுபடி இறக்கியவர்களில் முக்கியமானவர் ரே கெல்லர், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில். அவர் கையில் இருந்தது ஜெனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளை. இந்தத் தவளை ஆய்வகங்களுக்குள் வந்த கதையே அலாதி. கர்ப்பமான பெண்ணின் சிறுநீரை ஊசியில் ஏற்றினால் அது முட்டையிட்டுவிடும் என்று 1930களில் தெரியவந்தது. கேப் டவுனில் வேலைபார்த்த லான்சலாட் ஹாக்பனின் ஆய்விலிருந்து வந்த விஷயம். அப்புறம் பல வருஷங்கள் ஊர் ஊராக மருத்துவமனைகளில் தொட்டி தொட்டியாகத் தவளை வளர்த்து, அதுதான் கர்ப்பப் பரிசோதனை. ஹார்மோன் கொடுத்தால் வருஷம் முழுக்க முட்டை தரும் பிராணி என்பதால் கருவியலாளர்களுக்கும் வசதி. ஹில்ட வசந்தத்துக்குக் காத்திருந்தார். இவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

கெல்லர் முதலில் ஃபோக்டின் வேலையைத் தவளையில் திரும்பச் செய்தார், சாயப் புள்ளிகள் வைத்து, 1970களில். பிறகு ஒரு எளிமையான காரியம். இரண்டு கருக்களிலிருந்து முதுகுப்பக்கத் திசுவைக் கேஸ்ட்ருலேஷன் தொடங்கும் நேரத்தில் வெட்டியெடுத்து, உள்பக்கத்தோடு உள்பக்கம் சேர்த்து ஒட்டி, தட்டில் வைத்தார். துறையில் அதற்குப் பெயரே கெல்லர் சாண்ட்விச். அதற்குத் தலை கிடையாது, வால் கிடையாது, ஊர்ந்து போக ஒரு தளம் கிடையாது. அகலமான அந்த ரொட்டித் துண்டு சில மணி நேரத்தில் ஒடுங்கி, தட்டில் நாக்கு நீட்டியது மாதிரி நீண்டது. ஹோல்ட்ஃப்ரெட்டரின் உப்புக்கரைசல் சொன்னதையே, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

எப்படி? 1992இல் ஜான் ஷிஹ்ஹும் கெல்லரும் ஆழத்திலிருக்கும் செல்களை வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு செல்லும் எல்லாத் திசையிலும் சின்னக் கைகளை நீட்டித் துழாவுகிறது. பாதி வழியில் ஏதோ முடிவெடுத்தமாதிரி, இடமும் வலமும் மட்டும் நீட்ட ஆரம்பிக்கிறது. பக்கத்துச் செல்களைப் பற்றி, இழுத்து, அவற்றுக்கு நடுவே தன்னை நுழைத்துக்கொள்கிறது. எல்லாச் செல்லும் இதையே செய்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால், விரல்நுனிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். இடதில் மேலிருந்து கீழாக நான்கு விரல், வலதில் நான்கு விரல். இப்போது விரல்களைக் கோருங்கள். அகலம் குறைந்துவிட்டது. மேலிருந்து கீழாக எண்ணினால் நான்கு இருந்த இடத்தில் எட்டு. எந்த விரலும் மேலேயோ கீழேயோ போக நினைக்கவில்லை. எல்லாமே பக்கவாட்டில்தான் போயின. நீளம் சும்மா கிடைத்தது.

இதைப் படித்த இரவு ரொம்ப நேரம் கைகளைக் கோர்த்துக் கோர்த்து உட்கார்ந்திருந்தேன். மனைவி எழுந்து வந்து, “என்ன, சாமி கும்பிடுறியா?” என்றாள். நான் அதுவரை, உடல் நீள்கிறது என்றால் முன்னால் யாரோ இழுக்கிறார்கள், தேர் வடம் மாதிரி, என்றுதான் மனதில் வைத்திருந்தேன். அங்கே தேர் இழுப்பவர் யாரும் இல்லை. தலைவால் திசையில் போகவேண்டும் என்று ஒரு செல்லுக்கும் எண்ணமில்லை. செல்களே இடவலமாக நீண்டு கிடக்கின்றன, ஏணியின் படிகள் மாதிரி. படிகள் குறுக்கே, ஏணி நெடுக்கே. சில காலம் கழித்து முதுகுநாணைப் பார்த்தால் அடுக்கிவைத்த நாணயங்கள் மாதிரி தெரிவது இதனால்தான்.

ஒரு பொறியியல் சந்தேகம் எனக்கு வந்தது. நீளும் திசு முன்னாலிருப்பதைத் தள்ளவேண்டும் அல்லவா? இடியாப்பத்தை ஒரு முனையில் பிடித்துத் தள்ளினால் மடங்கிக்கொள்ளும். மிருதுவான கரு ஏன் மடங்கவில்லை? இதை எனக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். மிமி கோயல் என்ற உயிர் இயந்திரவியலாளரோடு சேர்ந்து கெல்லர் குழு 1995இல் அந்தத் திசுவை அழுத்தி அளந்து பார்த்தது. நீளும் நேரத்தில் அது தலைவால் திசையில் பல மடங்கு விறைத்துக்கொள்கிறது. கம்பியாகவே ஆகிவிடுகிறது. ரப்பர் குழாயோடு கேலிக்கு ஆளான ஹிஸ் இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சிக்னல்காரர்கள் செய்தது வீண் என்று நான் சொல்லவரவில்லை. எந்தச் செல் முதுகுநாண் ஆகவேண்டும் என்பது செய்திகளால்தான் தீர்மானமாகிறது. செய்தி இல்லாவிட்டால் விரல் கோர்க்க ஆளே வராது. என் வருத்தமெல்லாம், ஆபீஸில் ஒரு சிஸ்டத்தை விளக்கச் சொன்னால் வெள்ளைப் பலகையில் பெட்டிகளும் அம்புக்குறிகளும் போட்டுவிட்டு, நிஜத்தில் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவோமே, அதுதான் இங்கேயும் ஐம்பது வருஷம் நடந்திருக்கிறது என்பது.

*

செல்லுக்கு எது இடவலம், எது மேல்கீழ் என்று எப்படித் தெரியும்? இதற்கான பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பழ ஈயின் இறக்கையிலிருந்து.

பழ ஈயின் இறக்கையில் ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒரு நுண்ணிய முடி முளைக்கும். எல்லா முடியும் ஒரே திசையில், படிய வாரியமாதிரி இருக்கும். சில ஜீன்கள் கெட்டுப்போனால் முடி கலைந்துவிடும். ஈ ஆய்வாளர்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு குறும்பு உண்டு. ஒரு ஜீனுக்கு ‘ஃப்ரிஸில்ட்’, சுருட்டை முடி. இன்னொன்றுக்கு ‘டிஷெவல்ட்’, கலைந்த தலை. முடிகள் சுழல் சுழலாக அமைந்த ஒன்றுக்கு ஓவியர் நினைவாக ‘வான் கோ’. தட்டையான திசுவில் ஒவ்வொரு செல்லும் தன் பக்கத்துச் செல்லைத் தொட்டுத் திசையைத் தெரிந்துகொள்ளும் ஏற்பாட்டின் உறுப்புகள் இவை. 2000ஆம் ஆண்டில் ஜான் வாலிங்ஃபோர்டும் சகாக்களும் தவளைக் கருவில் டிஷெவல்டைக் கெடுத்துப் பார்த்தார்கள். செல்கள் கை நீட்டுவதை நிறுத்தவில்லை. எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டே இருந்தன. ஒழுங்கு வரவில்லை. கரு கட்டைகுட்டையாக நின்றுவிட்டது. ஈயின் இறக்கையில் முடியை வாரும் அதே சீப்பு, தவளையின் உடலை நீட்டுகிறது.

அப்புறம் எலி. 1949இலேயே ஆய்வகங்களில் ‘லூப்டெயில்’ என்ற எலி வகை பதிவாகியிருக்கிறது. கெட்ட ஜீன் ஒரு பிரதி இருந்தால் வால் சுருண்டிருக்கும். இரண்டு பிரதியும் கெட்டிருந்தால் குட்டி பிழைக்காது. நடுமூளையிலிருந்து வால்வரை நரம்புக் குழாய் திறந்தே கிடக்கும். எந்த ஜீன் என்று 2001இல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. வான் கோவின் எலி வடிவம்.

இங்கேதான் என் ஸ்கேன் கேள்விக்குப் பதில் கிடைத்தது. நரம்புத் தகடு முதலில் தட்டையாக இருக்கும். அதன் இரண்டு ஓரங்களும் மடிந்து உயர்ந்து, நடுவில் சந்தித்து ஒட்டி, குழாயாகும். மனிதக் கருவில் நான்காவது வாரம் முடிவதற்குள் இது முடிந்துவிடும். இது நடக்காவிட்டால், ஓரங்கள் மடிவதில்தான் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். லூப்டெயில் எலியிலும் டிஷெவல்ட் கெட்ட தவளையிலும் ஓரங்கள் எழத்தான் செய்கின்றன. எட்டவில்லை, அவ்வளவுதான். தகடு அதற்கு முன்பே ஒடுங்கி நீண்டிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. அடித்தளம் அகலமாகவே இருந்துவிட்டது. தொப்பை விழுந்தவர் கல்யாணச் சட்டைக்குப் பட்டன் போடுவது மாதிரி, இரண்டு பக்கமும் ஒழுங்காகத்தான் இருக்கிறது, நடுவில் இடைவெளி அதிகம். மூடுவது என்பது மூடும் நேரத்தில் தீர்மானமாவதில்லை. அதற்கு முன்னால், செல்கள் ஒன்றுக்கிடையில் ஒன்று நுழைந்துகொண்டிருந்த சில நாட்களிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

மனிதர்களில், நரம்புக் குழாய்க் குறைபாட்டோடு பிறந்த சிலரிடம் வான் கோ குடும்பத்து ஜீனில் மாற்றங்கள் இருப்பதை 2007இல் பதிவு செய்தார்கள். ஒரு ஜீனால் விளக்கிவிடக்கூடியவர்கள் குறைவு. நடைமுறையில் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்தது ஒரு மாத்திரை. ஏற்கனவே இப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மார்களிடம், 7 நாடுகளில் 33 மையங்களில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய சோதனை 1991இல் வெளியானது. ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அடுத்த குழந்தையில் ஆபத்து 72% குறைந்திருந்தது. கருவுறும் முன்பிருந்தே எடுக்கவேண்டும் என்று சொல்வதற்குக் காரணமும் மேலே சொன்ன நாட்கணக்குதான். நாள் தள்ளிப்போய் டெஸ்ட் எடுத்துப் பார்க்கிற நேரத்தில் கரு நீள ஆரம்பித்துவிட்டிருக்கும். முதல் ஸ்கேனுக்குப் போகும்போது குழாய் மூடியாகிவிட்டது, அல்லது இல்லை. எங்கள் வீட்டில் அந்த மாத்திரைப் பட்டை ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. தினமும் இரவு “போட்டியா?” என்று கேட்கும் வேலை எனக்கு. எதற்கு என்று தெரியாமலேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் பிறந்த மூன்றாம் நாள் ஊரிலிருந்து அம்மா வந்தார். குழந்தையை வாங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை, திருப்பி உச்சந்தலையைத்தான் பார்த்தார். முடியை விரலால் ஒதுக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஆராய்ந்தார். ஃப்ரிஸில்ட் குடும்பத்தின் ஆறாவது ஜீன் இல்லாத எலிகளுக்கு உடம்பில் முடி நேராகப் படியாமல் சுழி சுழியாக இருக்கும் என்று 2004இல் ஒரு கட்டுரை வந்தது. அதைப் பற்றி அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் நிமிர்ந்துவிட்டார்.

“ஒத்தச் சுழிதான்டா” என்றார். “நல்லவேளை. ரெட்டைச் சுழின்னா ரெண்டு கல்யாணம்பாங்க.”